இருட்டைக் காட்டிய டிவி: ரவீஷ் குமாரின் ஸ்டுடியோவுக்குள் ஒரு ரவுண்டு!

2016 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை இரவு. என்.டி.டி.வி இந்தியா சேனலில் 'பிரைம் டைம்' ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று திரை முழுக்கக் கறுப்பு! நெறியாளர் முகம் இல்லை, பின்னால் மின்னும் கிராஃபிக்ஸ் இல்லை, எதுவுமே இல்லை. குரல்கள் மட்டும் வருகின்றன. அதுவும் எப்படிப்பட்ட குரல்கள்? மற்ற சேனல்களின் நெறியாளர்கள் நாள்தோறும் போடும் கூச்சல், விருந்தினர்கள் ஒருவர்மீது ஒருவர் ஏறி விழும் சத்தம், கோஷங்கள், வசைகள். அந்தப் பேச்சு மட்டும் வெள்ளை எழுத்தில் இருட்டின் மேல் ஓடுகிறது.

டிவி பழுதாகவில்லை, சிக்னலும் போகவில்லை, வேண்டுமென்றேதான் இருட்டாக்கினேன் என்று விளக்கமும் கொடுத்துவிட்டார் நெறியாளர். படம் காட்டிப் பிழைக்கும் தொழிலில் இருந்துகொண்டு, அதுவும் பிரைம் டைமில், படத்தையே அணைத்துவிட்ட அந்தத் துணிச்சல்காரர்தான் ரவீஷ் குமார்!

பத்து நாட்களுக்கு முன்புதான் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் கூட்டம் பெரும் சர்ச்சையாகியிருந்தது. மாணவர் தலைவர் கன்னையா குமார் கைதானார். பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்ற வளாகத்தில் பத்திரிகையாளர்கள் அடி வாங்கினார்கள். யார் தேசபக்தர், யார் தேசத்துரோகி என்று ஸ்டுடியோக்களிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் முகங்களை அழித்துவிட்டுச் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கவைத்தார் ரவீஷ். கேட்டவர்களுக்கு அது விவாதமாகத் தெரியவில்லை. தெருச்சண்டையாகத்தான் கேட்டது!

இப்படி ஒரு ஐடியா ஒருவருக்கு எங்கிருந்து வரும்? அதைவிட முக்கியமாக, மற்ற சேனல்கள் ஏன் இப்படிக் கத்துகின்றன? வாருங்கள், கேமராவுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். கேபிள் தடுக்கும், பார்த்து வாருங்கள்!

கடிதம் பிரித்த பையன்

ரவீஷ் பிறந்தது 1974 டிசம்பர் 5. ஊர், பீகாரின் கிழக்குச் சம்பாரண் மாவட்டத்தில் மோதிஹாரி பக்கம் ஜித்வார்பூர். மோதிஹாரி என்றதும் இலக்கியப் பிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1903-ல் பிறந்த ஊர் அது! 1917-ல் அவுரி விவசாயிகளுக்காக காந்தி வந்து இறங்கியதும் இதே சம்பாரண் மண்ணில்தான். அதிகாரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது அந்த ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறதோ என்னவோ!

பாட்னாவில் பள்ளிப்படிப்பு, டெல்லி தேஷ்பந்து கல்லூரியில் பட்டம், பிறகு ஐ.ஐ.எம்.சி எனும் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் இதழியல். 1996-ல் என்.டி.டி.வி-க்குள் கால் வைக்கிறார். நிருபராகவா? இல்லை. நெறியாளராகவா? வாய்ப்பே இல்லை! நேயர்கள் எழுதும் கடிதங்களைப் பிரித்து, படித்து, வகைப்படுத்தி வைக்கும் வேலை. ஆமாம், மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்த காலம் அது. என்.டி.டி.வி-க்கு அப்போது சொந்தச் சேனலே கிடையாது. 1988-ல் 'தி வேர்ல்ட் திஸ் வீக்' நிகழ்ச்சியோடு தூர்தர்ஷனில் நுழைந்த தயாரிப்பு நிறுவனம் அது. பிறகு ஸ்டார் நியூஸுக்குச் செய்தி தயாரித்துக் கொடுத்தார்கள். சொந்தமாக இந்தி, ஆங்கிலச் சேனல்கள் வந்தது 2003-ல்.

கடிதம் பிரித்தவர் மொழிபெயர்ப்பாளர் ஆனார், அப்புறம் நிருபர். 'ரவீஷ் கி ரிப்போர்ட்' என்று ஒரு நிகழ்ச்சி. டெல்லிக்காரர்களே எட்டிப் பார்க்காத சந்துகளுக்குள் மைக்கோடு நுழைந்தார். டெல்லி எல்லையில் உள்ள கபஸ்ஹேராவில் தொழிலாளர்கள் அடைந்து கிடக்கும் வாடகை அறைகள், தண்ணீருக்கு நிற்கும் வரிசை, ஒரே கழிப்பறைக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் திரைக்கு வந்தன. அதிலிருந்துதான் 'பிரைம் டைம்' நெறியாளர் நாற்காலி.

இந்தச் சீரியஸ் ஆசாமிக்கு இன்னொரு முகம் உண்டு. காதல் கதை எழுதுவார்! ஃபேஸ்புக்கில் நாலைந்து வரியில் எழுதிப்போட்ட டெல்லிக் காதல் துணுக்குகள் 2015-ல் 'இஷ்க் மே ஷஹர் ஹோனா' என்று புத்தகமாகவே வந்துவிட்டன. சாதியும் வாடகை வீடும் பஸ் நெரிசலும் குறுக்கே நிற்கும் நகரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேச இடம் தேடும் கதைகள். நகரத்தை நடந்து பார்த்த நிருபர் எழுதிய காதல் அப்படித்தானே இருக்கும்!

ஒன்பது மணிக்கு பி.சி.ஆருக்குள்

சரி, இப்போது கொஞ்சம் பூனைபோல் நடக்க வேண்டும். எந்தச் செய்திச் சேனலாக இருந்தாலும் அதன் உயிர்நாடி பி.சி.ஆர்தான். புரொடக்‌ஷன் கன்ட்ரோல் ரூம். ஏசி குளிரில் பல் கிட்டும். சுவர் முழுக்கக் குட்டிக் குட்டித் திரைகள். ஒருவர் ஸ்விட்ச்சரில் விரல் வைத்திருக்கிறார், கேமரா ஒன்றா, இரண்டா, களத்திலிருந்து நேரலை தரும் ஓபி வேனா என்று தட்டிக்கொண்டே இருப்பது அவர் வேலை. பக்கத்தில் ஆடியோக்காரர். இன்னொருவர் அஸ்டன் அடிக்கிறார். அஸ்டன் என்றால்? திரையின் அடியில் பெரிய எழுத்தில் வருமே, அதுதான். "நாடு கேட்கிறது!", "பதில் எங்கே?" வகையறாக்கள் எல்லாம் அவர் கைவண்ணம். அதற்கும் கீழே எறும்பு ஊர்வதுபோல் ஓடுவது டிக்கர்.

நடுநாயகமாக புரொடியூசர். அவருக்கு முன்னால் ரன் டவுன், அதாவது எந்தச் செய்தி எத்தனை நிமிடம், எதற்குப் பின் எது என்ற பட்டியல். அவர் கையில் டாக்பேக். அதில் அவர் பேசுவது நேராக நெறியாளரின் காதுக்குள் போகும். நெறியாளர் உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காதில் இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்! "மூணாம் ஜன்னல்காரர் சூடா இருக்கார், அவர்கிட்ட போங்க", "பிரேக்குக்கு முப்பது செகண்டு", "விடாதீங்க, இன்னொரு தடவை கேளுங்க" என்றெல்லாம் காதுக்குள் ஓடும். ஜன்னல் என்றால் திரையில் ஒவ்வொரு விருந்தினரும் தெரியும் கட்டம்.

ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே, அதை நிறுத்த முடியாதா? முடியும்! ஆடியோக்காரர் முன்னால் ஒவ்வொரு விருந்தினருக்கும் தனித்தனி ஃபேடர் இருக்கிறது. விரலால் கீழே இழுத்தால் போதும், அந்த ஆள் ஊமை. நெறியாளருக்குப் பிடிக்காத பதில் வரும்போது அது சட்டென்று இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் எல்லாரும் கத்தும்போது மட்டும் யாருடைய ஃபேடரும் இறங்குவதில்லை. ஆக, அந்த அமளி கைமீறிப் போனது அல்ல. அது கையால் திறந்துவிடப்படுவது.

மாலையிலிருந்தே இதற்கான ஏற்பாடு நடக்கிறது. கெஸ்ட் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார். போனும் கையுமாக அலைவார். அவருடைய பட்டியலில் யார் அமைதியாகப் பேசுவார், யார் எகிறுவார், யார் பாதியில் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போவார் என்ற விவரம் மனப்பாடம். எகிறுகிறவருக்குத்தான் மறுநாளும் போன் வரும்!

கத்தினால் காசு மிச்சம்!

ஏன் இப்படி? இங்கேதான் விஷயமே இருக்கிறது. தொண்டை வலிக்கக் கத்துவது குணக்கோளாறால் வருவது என்று நாம் நினைக்கிறோம். அது பட்ஜெட்டால் வருவது!

ஒரு நிருபரையும் கேமராமேனையும் ஒரு மாவட்டத்துக்கு அனுப்பினால் வண்டி, டீசல், தங்கும் செலவு, சாப்பாடு. இரண்டு நாள் அலைந்து பத்துப் பேரிடம் பைட் எனும் பேட்டித் துணுக்கு வாங்கி, ஆவணம் தேடி, கேமராவைப் பார்த்துப் பேசும் பி.டி.சி கொடுத்து, எடிட் செய்து பேக்கேஜாக்கினால் எவ்வளவு நேரம் ஓடும்? பல நேரம் சில நிமிடம்தான். அதே நேரத்தில் ஸ்டுடியோவில் ஒரு தலைப்பு, எட்டு ஜன்னல், ஒரு நெறியாளர். ஒரு மணி நேரம் சுளையாக ஓடிவிடும். பேச வருகிறவர்களில் கட்சிச் செய்தித் தொடர்பாளர்களுக்குப் பெரும்பாலும் காசும் கொடுக்க வேண்டாம். வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வந்துவிடுகிறார்கள்.

இருபத்து நான்கு மணி நேரத்தையும் நிரப்பியாக வேண்டும், நிருபர்களைக் குறைத்தாகிவிட்டது, அப்புறம் என்ன செய்வார்கள்? செய்தி இல்லாத இடத்தைச் சத்தத்தால் நிரப்புகிறார்கள். ரவீஷ் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விமர்சனமும் இதையொட்டித்தான். நிருபரைக் கொன்றுவிட்டு நெறியாளரை மட்டும் வளர்த்தால் அந்தச் சேனலிடம் தகவல் இருக்காது, அபிப்பிராயம்தான் இருக்கும். தகவல் இல்லாத குடிமக்கள் அதிகாரத்திடம் கேள்வி கேட்க முடியாது. 'கோதி மீடியா', அதாவது அதிகாரத்தின் மடியில் உட்கார்ந்த மீடியா, என்ற அவருடைய பட்டப்பெயர் நாடெங்கும் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

கூத்துப் பட்டியல்

சத்தத்தால் நிரப்பிய வரலாறு நீளமானது. சுருக்கமாக ஒரு ஃப்ளாஷ்பேக்!

2006 ஜூலை. ஹரியானாவின் குருக்ஷேத்திரம் அருகே ஒரு சிறுவன் சுமார் 60 அடி ஆழக் குழிக்குள் விழுந்தான். ஏறக்குறைய 50 மணி நேரம் சேனல்கள் வேறு எதையுமே காட்டவில்லை. ராணுவம் அவனை உயிரோடு மீட்டது, நாடே கைதட்டியது. அன்றைக்குச் சேனல்கள் ஒரு பாடம் படித்துக்கொண்டன: ஒரே கேமரா, ஒரே குழி, குறைந்த செலவு, உச்ச நேயர்கள்! 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது தமிழ்ச் சேனல்களும் அதையேதான் செய்தன. நான்கு நாள் நேரலை. குழந்தை பிழைக்கவில்லை. அந்த நேரலையைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியில் இன்னொரு குழந்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதல். கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதெல்லாம் நேரலை. எல்லைக்கு அப்பால் உட்கார்ந்து தாக்குதலை இயக்கியவர்களும் அதே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாப்பின் வழக்கில் 2012-ல் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சேனல்களைக் கடுமையாகச் சாடியது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டக்கூடாது என்று 2015-ல் விதியே வந்தது.

அடுத்து கொஞ்சம் சிரிக்கலாம். 2016 நவம்பர், பணமதிப்பிழப்பு. புதிய 2,000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று சில பிரபல இந்திச் சேனல்கள் கிராஃபிக்ஸ் போட்டு விளக்கின. அப்படி எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி சொல்லும்படி ஆனது! 2018 பிப்ரவரியில் நடிகை ஸ்ரீதேவி துபாய் ஹோட்டல் குளியல் தொட்டியில் இறந்தபோது ஸ்டுடியோவுக்குள் தொட்டியையே கிராஃபிக்ஸில் கொண்டுவந்தார்கள். ஒரு தெலுங்குச் சேனல் நிருபர் ஒருபடி மேலே போய், உண்மையான பாத்டப்பில் இறங்கிப் படுத்தே காட்டினார்!

2020 ஜூனில் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். கொரோனா உச்சத்தில் இருந்தது, புலம்பெயர் தொழிலாளர்கள் வேலையிழந்து கிடந்தார்கள், சீன எல்லையில் வீரர்கள் இறந்திருந்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் பிரைம் டைம் முழுக்க அந்த மரணத்தையொட்டி ஒரு நடிகையின் வாட்ஸ்அப் சாட்! இப்படிப்பட்ட ஊடக விசாரணை நீதி நடைமுறையில் குறுக்கிடுகிறது என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2022 செப்டம்பரில் வெறுப்புப் பேச்சு வழக்கில் உச்ச நீதிமன்றமும், நெறியாளரின் பொறுப்பு மிக முக்கியமானது, அரசு ஏன் வாய்மூடி வேடிக்கை பார்க்கிறது என்று கேட்டது. தீர்ப்புகள் வந்தன. அஸ்டன் மாறவில்லை.

வியாழக்கிழமைக் காய்ச்சல்

2020 வரை செய்திச் சேனல் அலுவலகங்களில் வியாழக்கிழமை ஒரு தனிக் கிழமை. அன்றுதான் பார்க் அமைப்பின் வாராந்தர ரேட்டிங் வரும். வந்ததும் எக்செல் ஷீட்டைத் திறந்து, நிமிடத்துக்கு நிமிடம் எந்த இடத்தில் கோடு ஏறியது, எங்கே இறங்கியது என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். கோடு இறங்கிய இடத்தில் இருந்த செய்திக்கு அடுத்த வாரம் ஆயுசு இல்லை!

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது தெரியுமா? 2020 கணக்குப்படி நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. மீட்டர் பொருத்தியிருந்த வீடுகள் சுமார் 44,000. ஒலியோடு கலந்து வரும், நம் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளக் குறியை அந்த மீட்டர் படித்து, வீட்டில் என்ன சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அந்த ஒரு சோற்றை மட்டும் யாராவது தனியாக வேகவைத்துவிட்டால்?

2020 அக்டோபரில் மும்பை போலீஸ் அப்படித்தான் குற்றம்சாட்டியது. மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 400, 500 ரூபாய் கொடுத்துக் குறிப்பிட்ட சேனலைப் போட்டே வைக்கச் சொன்னார்கள் என்றது. குற்றம்சாட்டப்பட்ட தரப்பு மறுத்தது. பிறகு மாநில அரசே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பரபரப்பில் செய்திச் சேனல் ரேட்டிங்கை பார்க் நிறுத்தி வைத்தது. மறுபடி வந்தது 2022 மார்ச்சில்தான். ஒன்றரை ஆண்டுக்காலம் கோடே இல்லை! அப்போதாவது கத்தல் குறைந்ததா என்றால், இல்லை. பழக்கம் தொண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

'வேலை எங்கே?' மெகா தொடர்

ரவீஷ் இந்தக் கோட்டைப் பார்க்காமலே நிகழ்ச்சி செய்தார். அவர் பார்த்தது தன் போனை. அவருடைய எண் ஊரெல்லாம் பரவியிருந்தது. வசை, மிரட்டல் எல்லாம் வரும். கூடவே இன்னொரு ரகச் செய்திகளும் குவிந்தன: "சார், தேர்வு எழுதிட்டோம், ரிசல்ட் வரல", "ரிசல்ட் வந்துடுச்சு, பணி ஆணை வரல", "மூணு வருஷ டிகிரி, அஞ்சு வருஷமாயும் முடியல". மற்ற நெறியாளர்கள் இவற்றையெல்லாம் ஓரம்கட்டியிருப்பார்கள். இவர்தான் கடிதம் பிரித்தே பழகியவர் ஆயிற்றே! மூட்டை வாட்ஸ்அப்பாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

2017-ல் பல்கலைக்கழகங்கள் பற்றித் தொடர். ஆசிரியர் இல்லாத துறைகள், கூரை ஒழுகும் வகுப்பறைகள், தள்ளிப்போகும் தேர்வுகள் என்று ஊர் ஊராக. 2018 ஜனவரியிலிருந்து 'நௌக்ரி சீரிஸ்', அரசு வேலைக்காகக் காத்திருப்பவர்களின் கதை. எந்த மாநிலத் தேர்வாணையம், எந்த வருட அறிவிப்பு, எத்தனை இடம், வழக்கு எந்தக் கோர்ட்டில் நிற்கிறது என்று புள்ளிவிவரமாகவே அடுக்குவார். எபிசோடுக்கு எபிசோடு அதே கதை, வேறு வேறு தேர்வாணையம். ரேட்டிங் பண்டிதர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் நிகழ்ச்சி!

ஆனால் ஒரு வேடிக்கை. பையன்கள் கூட்டமாக உட்கார்ந்து மொபைலில் அதைப் பார்த்தார்கள். தங்கள் தேர்வின் பெயர் டிவியில் வந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சில இடங்களில் கோப்புகள் நகர்ந்தன, பணி ஆணை கைக்கு வந்துவிட்டது என்று நன்றிச் செய்திகளும் அவருக்கு வந்தன. மீட்டரில் ஏறாத நேயர்கள் அவர்கள்.

அவர்மீது விமர்சனமே இல்லையா? ஏகத்துக்கு உண்டு! ஆளும் தரப்பை மட்டுமே குறிவைக்கிறார், நல்லதே கண்ணில் படாதா, எப்போதும் ஒரே சோகராகம் என்பார்கள் எதிர்முகாமினர். அவருடைய தொனியில் சலிப்பு தட்டுகிறது என்பதை அவர் அபிமானிகளே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர் கொடுத்த விவரங்களைச் சரிபார்த்து மறுக்க முடியும். கத்தலை யாராலும் சரிபார்க்க முடியாது. வித்தியாசம் அங்கேதான்.

ஊமைகளோடு ஒரு விவாதம்

2016 நவம்பரில் ஒரு சரவெடி! பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதலைக் காட்டிய விதத்தில் விதிமீறல் நடந்தது என்று சொல்லி, நவம்பர் 9 அன்று ஒரு நாள் முழுக்க என்.டி.டி.வி இந்தியா ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது மத்திய அரசு. சேனல் குற்றச்சாட்டை மறுத்தது. வேறொருவராக இருந்தால் தொண்டை கிழியப் பேசியிருப்பார். ரவீஷ் என்ன செய்தார் தெரியுமா? நவம்பர் 4 அன்று ஸ்டுடியோவுக்கு மைம் கலைஞர்கள் இருவரை அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டார்!

முகத்தில் வெள்ளைச் சாயம். ஒருவர் அதிகாரம், இன்னொருவர் இணையத்தில் வசை பாடும் ட்ரோல். கேள்வி கேட்கக் கூடாதென்றால் வேறு எதைத்தான் கேட்பது என்று ஆரம்பித்த ரவீஷ், 'ஆராதனா' படத்துப் பாட்டு ஒன்றின் முதல் அடியையே கேள்வியாக்கி, தோட்டத்தில் வசந்தம் வந்துவிட்டதா என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்கிறார். கேள்வி அவ்வளவுதான், அதற்கே எதிரில் இருப்பவர்கள் கண்ணை உருட்டுகிறார்கள், விரலை ஆட்டுகிறார்கள், முறைக்கிறார்கள். வட இந்தியாவில் அந்தப் பாட்டடி ஒரு அரசியல் நக்கலாகவே மாறிவிட்டது. மூன்று நாளில் தடை உத்தரவும் நிறுத்தி வைக்கப்பட்டது!

கேக் வெட்டும் ஆபீஸ்

பின்னணியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு படமே இருக்கிறது. 'வைல் வீ வாட்ச்ட்' என்ற ஆவணப்படம். இயக்கம் வினய் சுக்லா. ஆம் ஆத்மி கட்சித் தலைவர் கெஜ்ரிவாலின் அரசியல் பிரவேசத்தை 'ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்' என்று இணை இயக்கியவர்தான். அவர் கேமராவோடு ரவீஷின் அலுவலகத்துக்குள்ளேயே குடியேறிவிட்டார்.

பிரமாண்டமான செய்தி அறையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நெருக்கியடித்த மேஜைகள், களைத்த முகங்கள், ஸ்கிரிப்டைத் திரும்பத் திரும்பத் திருத்தும் ரவீஷ், மற்ற சேனல்களின் அலறலைப் பார்த்தபடி தாடையைத் தடவும் ரவீஷ். மிரட்டல் அழைப்புகளுக்கும் அசராமல் பதில் பேசுகிறார். எங்கள் ஊரில் உங்கள் சேனல் மட்டும் தெளிவாக வரவில்லையே என்று நேயர்கள் புகார் சொல்கிறார்கள்.

படத்தில் அடிக்கடி வருவது கேக்! யாருக்குப் பிறந்தநாள் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவருக்கான வழியனுப்பு கேக் அது. ஒரு கேக், நாலு கைதட்டல், ஒரு குழுப் படம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கேக். கேக் கூடக்கூட மேஜைகள் காலியாகின்றன. பட்ஜெட் என்று முன்னால் சொன்னோமே, அதன் முகம் இதுதான். விளம்பரம் குறைகிறது, ஆள் குறைகிறது, களத்துக்குப் போக ஆளில்லை. கேள்வி கேட்கும் சேனலுக்கே இந்த நிலை என்றால் கத்தாமல் பிழைக்க வழி என்ன என்ற கேள்வியைப் படம் நம் மடியில் வைத்துவிட்டுப் போகிறது.

2022-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு 'ஆம்ப்ளிஃபை வாய்சஸ்' விருது வாங்கிய படம் இது. 2024-ல் அமெரிக்காவின் பீபாடி விருதும் வந்தது.

மணிலாவும் யூடியூபும்

2019 செப்டம்பரில் மணிலா. ரமோன் மகசேசே விருது. குரலற்றவர்களின் குரலாக இதழியலைப் பயன்படுத்தியவர் என்று பாராட்டு. அங்கே பேசும்போது, எல்லாப் போர்களும் வெற்றிக்காக நடப்பதில்லை, களத்தில் ஒருவர் நின்றார் என்று உலகத்துக்குச் சொல்லவே சில போர்கள் நடக்கின்றன என்ற பொருளில் அவர் சொன்னது பிறகு டி-ஷர்ட் வாசகம் ஆகும் அளவுக்குப் பிரபலம். 2007-ல் இதே விருதை வாங்கியவர் கிராமங்களின் நிருபரான சென்னைக்காரர் பி.சாய்நாத். இருவருக்கும் பொதுவானது, கால் நடந்த தூரம்.

2022 ஆகஸ்டில் அதானி குழுமம் ஒரு பழைய கடன் ஒப்பந்தத்தின் வழியாக என்.டி.டி.வி-யின் 29.18 சதவீதப் பங்கைக் கைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. நவம்பர் 29-ல் நிறுவனர்கள் பிரணாய் ராயும் ராதிகா ராயும் பங்குகளை வைத்திருந்த ஆர்.ஆர்.பி.ஆர் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். மறுநாளே ரவீஷின் ராஜினாமா. கடிதம் பிரிக்க வந்து மூத்த நிர்வாக ஆசிரியராக உயர்ந்தவர், 26 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியேறினார். கூட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள், பறவைக்கு வானம் இன்னும் இருக்கிறது என்ற தொனியில் ஒரு வீடியோவில் விடைபெற்றுவிட்டு யூடியூபுக்கு வந்தார்.

பி.சி.ஆர் இல்லை, டாக்பேக் இல்லை, அஸ்டன்காரர் இல்லை. ஒரு மேஜை, ஒரு கேமரா, விவரம் நிறைந்த ஸ்கிரிப்ட். அந்தச் சேனலின் சந்தாதாரர்கள் இன்று ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள்! கத்தாமல் பேசினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு இந்த எண்ணிக்கை ஒரு பதில். ஆனால் முழுப் பதில் அல்ல. யூடியூபில் தனி மனிதர் பேசலாம், மாவட்டத்துக்கு ஒரு நிருபரை வைக்க முடியாது. அதற்குச் செய்தி நிறுவனம்தான் வேண்டும், நிறுவனத்துக்குக் காசு வேண்டும், அந்தக் காசு நம் கண்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் போகும்.

புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, 2019 தேர்தலுக்கு முன், இரண்டரை மாதம் செய்திச் சேனல்களையே பார்க்காதீர்கள் என்று வேண்டுகோள் விடுத்தவர் ரவீஷ். டிவிக்காரரே டிவி பார்க்காதே என்கிறார் என்று பலர் சிரித்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இன்று இரவு ஒன்பது மணிக்கு உங்கள் சேனலைப் போட்டுவிட்டுக் கையில் ஒரு பேப்பரை எடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஊர்களிலிருந்து நிருபர் பேசுகிறார் என்று மட்டும் குறியுங்கள். ஐந்து ஊர் வந்தால் அந்தச் சேனலைப் பாருங்கள், சந்தா கேட்டால் கொடுங்கள். ஓர் ஊரும் வராமல் எட்டு ஜன்னலும் ஒரு தீப்பிழம்பும் மட்டும் வந்தால் தயங்காமல் அணைத்துவிடுங்கள்.